தங்கையின் நோயும் தமக்கையின் தவமும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறு

நோய்களுள் சில தம் பெயரைத் தாமே அறிவித்துக்கொண்டு வருகின்றன. அம்மை வந்தால் உடலெங்கும் கொப்புளம் தோன்றும். குளிர்காய்ச்சல் வந்தால் உடல் நடுங்கும். வீட்டிலிருக்கும் பாட்டிமாரும் அவற்றை இனங்கண்டு பெயர் சொல்லிவிடுவர். வேறு சில நோய்கள் மற்றொரு நோயின் வேடத்தைப் பூண்டு வருகின்றன. எளிதில் ஆறிப்போகும் நோயொன்றின் முகத்தைக் காட்டி, நோயாளியையும் மயக்கி, வைத்தியரையும் மயக்கி, விலைமதிப்பற்ற காலத்தைத் திருடிக்கொள்கின்றன. ஈற்றில் வேடம் கலையும்போது செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. புற்றுநோயின் சில வகைகள் இத்தகையன. அவ்வாறு வேடம் பூண்டு வந்த நோயொன்று 1923ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு குடும்பத்தினுட் புகுந்து ஒரு பெண்ணின் உயிரைக் கவர்ந்து சென்றது. அப்பெண்ணின் தமக்கையோ நகரம் அறிந்த வைத்தியர்.

அந்தத் தமக்கையே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவரைச் சட்டசபையில் அமர்ந்த முதற் பெண்மணியாகவும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவராகவும், ஔவை இல்லத்தின் தாயாகவும் அறிந்தோர் பலர். அவர் முதலிலும் முடிவிலும் ஒரு வைத்தியர் என்பதையும், சத்திரசிகிச்சையிற் பரிசு பெற்ற மாணவியின் வாழ்வு புற்றுநோய் வைத்தியசாலையொன்றின் வாயிலில் வந்து நிறைவெய்தியது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் அத்துணைப் பலரல்லர். அவர் வரலாற்றின் அந்தப் பக்கத்தையே இங்கு சற்று விரித்துச் சொல்ல எண்ணுகின்றோம்.

புதுக்கோட்டைச் சிறுமி

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு யூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அவ்வூர் மகாராசாக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசையும் நடனமும் போற்றிய தேவதாசிக் குலத்திற் பிறந்தவர். கற்றோர் மதிக்கும் தந்தையும், சமூகம் ஒதுக்கி வைத்த தாயும் ஒரு வீட்டில் வாழ்ந்தமையால், மதிப்பென்பதும் இழிவென்பதும் பிறப்பினால் வருவனவா என்ற வினா அச்சிறுமிக்கு ஏட்டிற் படிக்கவேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. அவர் வளர்ந்த வீடே அதனை நாள்தோறும் எழுப்பிக்கொண்டிருந்தது.

பெண்கள் பருவமெய்தியதும் வீட்டினுள் அடங்கிவிடும் காலம் அது. முத்துலட்சுமி வீட்டிலிருந்தே கற்றுப் பள்ளியிறுதித் தேர்விற் சித்தியெய்தினார். பின்னர் ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராசாக் கல்லூரியில் இடம் கேட்டபோது ஊரில் எதிர்ப்பு எழுந்தது. பெண்ணொருத்தி வகுப்பில் அமர்ந்தால் இளைஞர் கெடுவர் என்று அஞ்சினோரும் இருந்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த அச்சங்களைப் பொருட்படுத்தாது அனுமதி அளித்தார், உதவிப்பணமும் வழங்கினார். ஒரு மன்னரின் ஒரு சொல் ஒரு நாட்டின் வைத்திய வரலாற்றில் எத்துணைத் தூரம் சென்று பயனளிக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1907ஆம் ஆண்டில் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே பெண்கள் மிகச் சிலரே பயின்றனர். சத்திரசிகிச்சை வகுப்பிற் பெண்களைச் சேர்க்கத் தயங்கிய ஆசிரியரும் இருந்தனர் என்றும், முத்துலட்சுமியின் விடைத்தாளைக் கண்ட பின்னரே அத்தயக்கம் நீங்கியது என்றும் சொல்லப்படுகின்றது. 1912ஆம் ஆண்டில் அவர் பட்டம் பெற்று வெளிவந்தபோது பதக்கங்களும் பரிசுகளும் உடன் வந்தன. சத்திரசிகிச்சைக்கான பதக்கமும் அவற்றுள் ஒன்று. இந்தியாவில் வைத்தியப் பட்டம் பெற்ற முதற் பெண்களுள் ஒருவராகிய அவர், சென்னை அரசாங்க மகப்பேற்று வைத்தியசாலையில் உள்ளுறை வைத்தியராகப் பணியாற்றிய முதற் பெண்மணியுமாவார்.

அக்காலத்துச் சத்திரசிகிச்சை

அவர் பயின்ற காலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கு உலகெங்கும் ஒரே நெறிதான் வகுக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்ரெட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் வகுத்து, 1894ஆம் ஆண்டில் விரித்து வெளியிட்ட நெறி அது. மார்பகம் முழுவதையும், அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றிவிடுவதே அச்சிகிச்சை. நோய் ஓரிடத்தில் வேர்விட்டு, அங்கிருந்து ஒழுங்காக அக்கம்பக்கம் படர்கின்றது. ஆகையால் எவ்வளவு அகலமாக வெட்டுகின்றோமோ அவ்வளவுக்கு நோயாளி பிழைப்பார் என்பதே அதன் அடிப்படை எண்ணம். அந்த எண்ணம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சத்திரசிகிச்சை நிபுணரின் கத்தியை ஆட்சி செய்தது.

அந்நெறியாற் பிழைத்தோர் பலர் என்பதை மறுக்கவியலாது. கட்டி சிறிதாயிருக்கும்போதே வந்தவருக்கு அது வாழ்வளித்தது. ஆயினும் எல்லா மார்பகப் புற்றுநோயும் ஓரிடத்தில் அமைந்த கட்டியாக வருவதில்லை. கட்டியே இல்லாமல் வரும் வகையும் உண்டு. அந்த அரிய வகையின் முன்னே ஹால்ஸ்ரெட்டின் அகன்ற கத்தியும் பயனற்றுப் போயிற்று. அது பற்றிச் சொல்லுமுன், அம்மையாரின் குடும்பத்தில் நிகழ்ந்ததை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

வேடம் பூண்டு வந்த நோய்

1914ஆம் ஆண்டில் முத்துலட்சுமி, டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தாம் விரும்பிய பணிகளுக்கு இடையூறு செய்தலாகாது என்னும் உடன்பாட்டின் பேரிலேயே அவர் திருமணத்திற்கு இசைந்தார். கணவரும் அவ்வுடன்பாட்டைக் கடைசிவரை காத்தார். புதல்வர் இருவர் பிறந்தனர். வீட்டிலும் வைத்தியத்திலும் ஒருங்கே புகழ் பெருகிவந்த அந்த நாட்களிலேதான் தங்கைக்கு நோய் கண்டது.

நோயின் குறிகள் வயிற்றுளைவின் குறிகளாகத் தோன்றின. வயிற்றுளைவு நம் நாடுகளில் எங்கும் காணப்படும் நோய்; அதற்குரிய மருந்துகளே கொடுக்கப்பட்டன. திங்கள்கள் சென்றன. நோய் தணியவில்லை. ஈற்றில் அது மலக்குடலிற் பற்றிய புற்றுநோய் என்று தெளிவாயிற்று. அப்போது காலம் கடந்திருந்தது. ஊரார் பிணியைத் தீர்க்கும் கை, உடன்பிறந்தாளின் பிணிக்கு முன்னே செயலற்றுப்போன துயரத்தை அம்மையார் அனுபவித்தார். 1923ஆம் ஆண்டில் தங்கை மறைந்தார்.

இத்தகைய துயரம் பலருக்கு வருவதுண்டு. சிலர் விதியென்று ஆறியமைவர்; சிலர் வைத்தியரை நோவர். அம்மையார் அத்துயரத்தை ஒரு வினாவாக மாற்றிக்கொண்டார். கற்ற வைத்தியரின் குடும்பத்திலேயே நோயின் பெயர் பிழைபடக் கூடுமாயின், கல்லாத ஏழையின் குடிசையில் என்ன நேரும்? ஆண்டுதோறும் எத்தனை பெண்கள் பிழையான பெயரைச் சுமந்து இறக்கின்றனர்? அவ்வினா அவரை நாற்பத்தைந்து ஆண்டுகள் விட்டு நீங்கவில்லை.

அரிய வகை மார்பகப் புற்றுநோய்

தங்கை மறைந்ததற்கு அடுத்த ஆண்டில், 1924இல், நியூயோர்க்கைச் சேர்ந்த லீ, ரனன்பாம் என்னும் வைத்தியர் இருவர் மார்பகப் புற்றுநோயின் ஓர் அரிய வகையை விவரித்து அதற்கு அழற்சிப் புற்றுநோய் என்று பெயரிட்டனர். அதற்கு முன்னரும் வைத்தியர் சிலர் அதனைக் கண்டு அஞ்சியிருந்தனர். தனிப்பெயர் நிலைபெற்றது அப்போதுதான். அம்மையாரின் தங்கைக்கு வந்தது வேறு உறுப்பின் நோயே. ஆயினும் வஞ்சனை ஒன்றே. வயிற்றுளைவின் வேடத்தில் ஒன்று வந்தது. சீழ்க்கட்டியின் வேடத்தில் மற்றையது வருகின்றது.

மார்பகம் சில வாரங்களுக்குள்ளேயே சிவந்து வீங்கும்; தொட்டாற் சுடும்; தோல் தடித்துத் தோடம்பழத் தோல்போற் குழிகுழியாகத் தோன்றும். கையால் தடவிப் பார்த்தாற் பெரும்பாலும் கட்டி அகப்படாது. பாலூட்டும் தாய்க்கு வரும் பால்கட்டு என்றோ, கிருமியினால் வந்த வீக்கம் என்றோ எவரும் எண்ணுவர். உண்மையில் அங்கே கிருமி இல்லை. புற்றுக் கலங்கள் தோலின் நுண்ணிய நிணநீர்க் குழாய்களை அடைத்துவிடுகின்றன. வடிய வழியில்லாத நீர் தேங்குவதே அச்சிவப்புக்கும் வீக்கத்துக்கும் காரணம். மார்பகப் புற்றுநோய் நூறில் ஒன்று முதல் ஐந்து வரையே இவ்வகையைச் சேர்ந்தது என்பர். எண்ணிக்கையிற் சிறியதாயினும் கொடுமையில் இதுவே பெரியது.

இங்கேதான் சத்திரசிகிச்சையின் தலைகீழான பாடம் ஒன்று வெளிப்பட்டது. நோய் தோலின் குழாய்கள் வழியே கண்ணுக்குத் தெரியாமல் வெகுதூரம் பரவியிருப்பதால், எவ்வளவு அகலமாக வெட்டினாலும் வெட்டிய விளிம்பிலும் நோய் இருக்கும். புண் ஆறுமுன்னரே தழும்பின்மீது நோய் மீண்டும் முளைத்த நிகழ்ச்சிகள் பல. 1943ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் ஹாகென்சன், ஸ்ரவுட் என்னும் இருவர், கத்தி தொடலாகாத மார்பகப் புற்றுநோய்கள் எவையென வரையறுத்தபோது இவ்வகையும் அவற்றுள் இடம்பெற்றது. சத்திரசிகிச்சையை மட்டும் நம்பியிருந்த அக்காலத்தில் இந்நோய் கண்டவருள் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை.

முலைக்காம்பில் வரும் மற்றோர் அரிய வகையும் வேடதாரியே. 1874ஆம் ஆண்டில் இலண்டனின் சேர் ஜேம்ஸ் பஜெற் அதனை விவரித்தார். காம்பிலே சொறியும் செதிலும் கசிவும் தோன்றி, சாதாரணத் தோல்நோயென்று களிம்பு பூசிக் காலம் கழிக்கச் செய்வது அது. அதன் முன்கணிப்பு இத்துணைக் கொடியதன்று. நோய் காம்பையும் அதனையடுத்த குழாய்களையும் கடவாதிருக்கும்போது கண்டறிந்து சத்திரசிகிச்சை செய்தால், மிகப் பெரும்பாலோர் பிழைத்து வாழ்கின்றனர். களிம்பை நம்பியிருந்து உள்ளே கட்டி திரண்ட பின் வருவோருக்கு அந்த நல்வாய்ப்புக் குறைந்துவிடுகின்றது. ஒரு நோய்க்குக் கத்தி முதல் மருந்து. மற்றொன்றுக்குக் கத்தி முதலில் வந்தால் கேடு. எதற்கு எது என்று அறிவதற்கு, நோயின் மெய்ப்பெயரை முதலில் அறிதல் வேண்டும்.

இலண்டனும் சட்டசபையும்

1925ஆம் ஆண்டில் அம்மையார் அரசாங்கத்தின் உதவிபெற்று இலண்டன் சென்றார். செல்சீ மகளிர் வைத்தியசாலையிற் பெண்களின் நோய்களைக் குறித்து மேற்கல்வி பெற்றார். அதே காலத்தில் அந்நகரின் வேறொரு வைத்தியசாலையில் ஜெப்ரி கெயின்ஸ் என்பார், மார்பகத்தை முழுதாக அகற்றாமல் ரேடியம் ஊசிகளைச் செலுத்திப் புற்றுநோயைத் தணிக்க முயன்றுகொண்டிருந்தார். கத்தி ஒன்றே வழி என்ற கோட்டையில் முதல் விரிசல்கள் தோன்றிய காலம் அது. புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை இருக்கவேண்டும், அங்கே கதிரும் கத்தியும் ஆராய்ச்சியும் கூடி நிற்கவேண்டும் என்னும் கொள்கை ஐரோப்பாவில் அன்று வேரூன்றியிருந்தது.

நாடு திரும்பிய அம்மையாரைக் காலம் வேறு பணிகளுக்கு அழைத்தது. சென்னைச் சட்டசபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டு, 1927ஆம் ஆண்டில் அதன் துணைத்தலைவராக ஒருமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். பிரித்தானிய இந்தியாவின் சட்டசபையொன்றில் ஒரு பெண் அத்தகைய இடத்தில் அமர்ந்தது அதுவே முதன்முறை. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து அவர் கொண்டுவந்த முயற்சி 1929ஆம் ஆண்டில் முதற் சட்டமாக உருப்பெற்றது. முழுத் தடை 1947ஆம் ஆண்டில் வந்தது. காந்தியடிகள் 1930ஆம் ஆண்டில் சிறைப்பட்டபோது அவர் தம் பதவியைத் துறந்தார். அடைக்கலம் தேடித் தம் வாயிலுக்கு வந்த பெண்களுக்காக அவர் தொடங்கியதே ஔவை இல்லம்.

இவையெல்லாம் புற்றுநோயோடு தொடர்பற்றன போலத் தோன்றலாம். நுணுகி நோக்கின் அங்ஙனமன்று. பெண்ணின் உடல் அவளுக்குரியது, அதைப் பற்றிப் பேசுவதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை என்பதே அவர் பணிகள் அனைத்தினதும் உயிர்நிலை. தாயாரின் குலத்துக்கு நேர்ந்த இழிவும், தங்கைக்கு நேர்ந்த மரணமும் அவர் உள்ளத்தில் ஒரே பாடமாகவே பதிந்திருந்தன. பேசாமல் மறைக்கப்படும் துன்பம் வளரும் என்பதே அப்பாடம்.

வைத்தியசாலை எழுந்த கதை

1935ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. பழைய மாணவியாக அவ்விழாவிற் பங்கேற்ற அம்மையார், புற்றுநோய்க்கென ஒரு வைத்தியசாலை சென்னையில் அமையவேண்டும் என்னும் தம் விருப்பத்தை வெளியிட்டார். தங்கை மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த வைத்தியசாலை எழுவதற்கு மேலும் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

இத்துணைக் காலம் சென்றமைக்குப் பணமின்மை மட்டும் காரணமன்று. புற்றுநோய் வந்தவர் இறந்தே தீர்வர், அவர்களுக்காக வைத்தியசாலை கட்டுவது வீண் என்னும் எண்ணம் படித்தோரிடத்தும் அதிகாரத்தில் இருந்தோரிடத்தும் உறைந்திருந்தது. அந்த அவநம்பிக்கைக்கும் ஓரளவு காரணம் இருந்தது. வைத்தியசாலை இல்லாமையால் நோயாளர் காலங்கடந்து வந்தனர். காலங்கடந்து வந்தமையால் இறந்தனர். அவர் இறப்பதைக் கண்டமையால் வைத்தியசாலை வேண்டாமென்றனர். இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். அம்மையார் அறுத்தார்.

1949ஆம் ஆண்டில் இந்திய மாதர் சங்கத்தின் சார்பிற் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அறுபது வயதைக் கடந்த அம்மையார் வீடு வீடாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் நிதி திரட்டினார். இளைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி சத்திரசிகிச்சை பயின்று, வெளிநாட்டிற் புற்றுநோய்ச் சிகிச்சையையும் கற்று வந்து தாயாருக்குத் துணை நின்றார். 1952ஆம் ஆண்டு ஒற்றோபர்த் திங்கள் 10ஆம் நாள் பண்டிதர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு யூன் 18ஆம் நாள், அடையாற்றில் எளிய கொட்டகைகளில், பன்னிரண்டு படுக்கைகளோடு தென்னிந்தியாவின் முதற் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. மாளிகை எழும்வரை அவர் காத்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டில், 1955இல், சாந்தா என்னும் இளம் பெண் வைத்தியர் அரசாங்கப் பதவியைக் கைவிட்டு அந்தக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் மக்சேசே விருதும் பத்ம விபூஷணும் பெற்று, 2021ஆம் ஆண்டில் மறையும்வரை அந்நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்தவர் அவர். 1957ஆம் ஆண்டில் கோபாற்று-60 கதிர்க் கருவி அடையாற்றில் நிறுவப்பட்டது. இந்தியாவில் அமைந்த அத்தகைய முதற் கருவிகளுள் அது ஒன்று. ஒரே கூரையின்கீழ்க் கத்தியும் கதிரும் நுணுக்குக்காட்டியும் கூடின. வறியவர் என்பதற்காக ஒருவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பது அந்நிலையத்தின் விதியாயிற்று.

கத்தியின் இடம்

ஒரே கூரையின்கீழ் இவை கூடியமையால் விளைந்த பயன் யாது? முற்றிய நோயோடு வரும் பெண்களே நம் நாடுகளில் மிகுதி. அவர்களுக்கு உடனே கத்தி வைப்பதிற் பயன் குறைவு. மருந்தினாலும் கதிரினாலும் நோயை முதலில் ஒடுக்கி, அதன்பின் மார்பகத்தை அகற்றும் முறையை அடையாற்று நிலையம் பல்லாண்டுகள் பின்பற்றி, அதன் பயனை ஆராய்ந்து உலகிற்கு வெளியிட்டது. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வைத்தியர் தனித்தனியே இருந்தால் இத்தகைய ஒழுங்கு கைகூடாது. கத்தியை எப்போது எடுப்பது என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர் தனியே முடிவு செய்யாமல், மற்றையோரோடு கூடியிருந்து முடிவு செய்யும் இடம் வேண்டும்.

அழற்சி வகைக்கும் இவ்வொழுங்கே மீட்சி தந்தது. 1970களில் உலகின் பெரிய புற்றுநோய் நிலையங்களில் அந்நோய்க்கு இரசாயன மருந்தை முதலிற் கொடுக்கத் தொடங்கினர். மருந்தினாற் சிவப்பும் வீக்கமும் தணிந்தபின் மார்பகமும் அக்குட் கணுக்களும் அகற்றப்படும். அதன்பின் நெஞ்சுச் சுவருக்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கப்படும். இன்றும் இதுவே முறை. நோய்க்கலங்களின் தன்மையை ஆய்ந்து, அதற்கேற்ற புதிய மருந்துகளும் இப்போது சேர்க்கப்படுகின்றன. ஏனைய மார்பகப் புற்றுநோய்களிற் கட்டியை மட்டும் அகற்றி மார்பகத்தைக் காப்பது இன்று பெருவழக்காயினும், இவ்வகையில் மார்பகம் முழுவதையும் அகற்றுதலே தக்கதெனக் கொள்ளப்படுகின்றது. ஒருகாலத்தில் நூற்றுக்கு ஐவர்கூடப் பிழையாத நோயில், அமெரிக்கக் கணக்கின்படி இன்று நூற்றுக்கு நாற்பதின்மர் அளவில் ஐந்தாண்டைக் கடக்கின்றனர். கத்தி முன்பிருந்த இடத்தினின்றும் நடுவிற்கு நகர்ந்தது. உயிர்கள் பல நின்றன.

அம்மையார் இந்த விளைவுகளையெல்லாம் காணவில்லை. 1956ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968ஆம் ஆண்டு யூலைத் திங்கள் 22ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில் மறைந்தார். ஆயினும் பன்னிரண்டு படுக்கைகள் பெருகி வளர்வதையும், சாவதற்கென்று வந்த பெண்கள் தம் கால்களால் நடந்து வீடு திரும்புவதையும் அவர் கண்டார். தங்கைக்குச் செய்யமுடியாமற் போனதை, பெயர் அறியாத பலருடைய தங்கையர்க்குச் செய்துமுடித்த நிறைவு அவருக்கு இருந்திருத்தல் வேண்டும்.

நம் கரையோரத்தில்

அவர் வரலாறு சென்னையோடு முடிந்துவிடுவதன்று. ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் தமிழ்க் குடிகளும் முஸ்லிம் குடிகளும் அடுத்தடுத்து வாழும் நம் கரையோர ஊர்களிலும், பெண்ணின் மார்பில் வரும் நோய் நாணத்தால் மறைக்கப்படும் நோயாகவே இன்னும் இருந்துவருகின்றது. தாய்க்கு வீக்கம் கண்டால் பால்கட்டென்று பற்றுப் போடுவதும், ஒத்தடம் கொடுப்பதும் எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். பெரும்பாலும் அது பால்கட்டாகவே இருக்கும், தணிந்தும் போகும். ஆனால் பாலூட்டாத பெண்ணுக்கு அவ்வாறு சிவந்து வீங்கினாலோ, பாலூட்டும் தாய்க்கும் மருந்து கொடுத்து ஓரிரு வாரங்களில் தணியாவிட்டாலோ, பெயரை மறுபடி விசாரித்தல் வேண்டும். தோலிற் சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்க்குமாறு வைத்தியரைக் கேட்பதில் அவமதிப்பு ஒன்றுமில்லை. முலைக்காம்பின் சொறி களிம்புக்கு ஆறாவிட்டாலும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

அம்மையாரின் தங்கைக்கு இல்லாத வசதிகள் நமக்கு உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் ஏற்பாட்டிற் பெண்களுக்கான பரிசோதனைச் சிகிச்சை நிலையங்கள் நடைபெறுகின்றன. குடும்பநல மாதர் வீடுதேடி வருகின்றனர். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிற் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. மகரகமையிற் பெரிய புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. ஆலையடிவேம்பிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 60 கிலோமீற்றர். அந்தப் பயணம் ஏழைக்கு எளிதன்று என்பது மெய்யே. ஆயினும் வீட்டுக்குள்ளே நோயை மறைத்து வைத்திருக்கும் பெண், வாய்திறந்து தாயிடமோ கணவனிடமோ சொல்லும் முதற் சொல்லுக்கும், வைத்தியரின் வாயிலுக்கும் இடையே உள்ள தூரமே அதனினும் நெடிதாக இருக்கின்றது.

அத்தூரத்தைக் குறைக்கும் பணி வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியைக்கும், கற்றதை வீட்டிற் சென்று தாயிடம் சொல்லும் மாணவிக்கும், மகளிர் கூடும் சங்கங்களுக்கும் அதிற் பங்குண்டு. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் கதவைத் திறந்துவிட்ட ஒரு சொல்லிலிருந்து அடையாற்று வைத்தியசாலை எழுந்தது. நம் ஊர்ப் பாடசாலைகளிற் பயிலும் சிறுமியர்க்கு அம்மையாரின் பெயரைச் சொல்லும்போது, அவர் சட்டசபையில் அமர்ந்த கதையோடு, அவர் தங்கையின் நோய்க்குப் பிழையான பெயர் சூட்டப்பட்ட கதையையும் சேர்த்துச் சொல்வோமாக.